ஒரு லட்சம் குறைத்துத் தருகிறாராம்

போன வாரம் மாப்பிள்ளை ஒரு ஃபைலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பனையூரில் வாங்கிய வீட்டின் பின்பக்கம் நீச்சல் குளம் கட்டப் போகிறார்களாம். “மாமா, நீங்க பி.டபிள்யூ.டி.யில முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவர். ஒரு பார்வை பார்த்துட்டு கான்ட்ராக்டர்கிட்ட பேசுங்க. நீங்க பேசினா ஒரு லட்சமாவது குறைப்பாரு” என்றார்.

ஓய்வு பெற்ற எஞ்சினியருக்கு உறவினர் வட்டத்தில் மிச்சமிருக்கும் உபயோகம் இதுதான். யாரும் “இது சரியாக நிற்குமா?” என்று கேட்பதில்லை. “எவ்வளவு குறைக்கலாம்?” என்றுதான் கேட்கிறார்கள். வீடு கட்டும்போதும் அப்படித்தான், மாடி எடுக்கும்போதும் அப்படித்தான். நானும் பல பேருக்குப் பேரம் பேசிக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். இந்த முறை பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் கொஞ்சம் மனத்தாங்கல். அதனால் என் நியாயத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

கொட்டேஷன் மொத்தம் 14 பக்கம். அதில் ஒன்பது பக்கம் கம்ப்யூட்டரில் வரைந்த வண்ணப் படங்கள். அந்தி வெளிச்சத்தில் நீலக் குளம், ஓரத்தில் இரண்டு சாய்வு நாற்காலி, கையில் கோப்பையோடு யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. தண்ணீருக்குள் எரியும் விளக்கு எத்தனை நிறம் மாறும் என்பதற்கே முக்கால் பக்கம். கண்ணாடி மொசைக் ஓடு எந்த நாட்டு இறக்குமதி என்பதற்கு அரைப் பக்கம். மண்ணைப் பற்றி ஒரே ஒரு வரி: “தோண்டும்போது பாறையோ தண்ணீரோ வந்தால் கூடுதல் செலவு உரிமையாளரைச் சேர்ந்தது.” அதாவது கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அவர் பொறுப்பு, தெரியாததெல்லாம் நம் பொறுப்பு. கடைசிப் பக்கத்தில் “லம்ப்சம் ரூ. 11,80,000, ஜி.எஸ்.டி. தனி.”

இந்த லம்ப்சம் என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை கிலோ கம்பி, குழாய் எத்தனை மீட்டர் என்று ஒன்றும் கிடையாது. ஒரு சாதாரண கல்வெர்ட்டுக்குக் கூட நாங்கள் அளவு போட்டு, ரேட் போட்டு, எம் புக்கில் பதிந்த பிறகுதான் பில் பாஸ் பண்ணுவோம். (அதிலும் திருட்டு நடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திருடியது எந்த வரியில் என்று தேடிக் கண்டுபிடிக்கவாவது முடிந்தது.) மொத்தத் தொகையில் ஒரு லட்சம் குறைத்தால் அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வரும்? ஓடு குறையாது, நீங்கள் எண்ணிவிடுவீர்கள். விளக்கு குறையாது, அது எரியாவிட்டால் தெரிந்துவிடும். கம்பியில் குறையும், கான்கிரீட்டின் கனத்தில் குறையும், மண்ணுக்குள் போகிற வால்வில் குறையும். பேரம் பேசி நாம் வாங்குகிற தள்ளுபடி முழுவதும் தரைக்குக் கீழே இருந்துதான் வருகிறது.

இனி அந்தத் தரைக்குக் கீழே.

குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.3 மீட்டர். சுவரும் தளமும் 150 மி.மீ. கனம், எம் 20 கான்கிரீட் என்று ஒரு மூலையில் போட்டிருக்கிறது. தண்ணீர் தேக்கும் கட்டுமானங்களுக்கென்று ஐ.எஸ். 3370 என்று தனி கோட் இருக்கிறது. அதன்படி கம்பி போட்ட கான்கிரீட் குறைந்தது எம் 30 ஆக இருக்க வேண்டும். பனையூர் கடலோரம். காற்றிலும் உப்பு, நிலத்தடி நீரிலும் உப்பு. அங்கே எம் 20 போட்டால் கம்பி துருப்பிடித்து ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

அதைவிடப் பெரிய விஷயம் மிதப்பது. குளம் மிதக்குமா என்று மாப்பிள்ளை சிரித்தார். கணக்கைப் போட்டுக் காட்டினேன். 150 மி.மீ. கனத்தில் தளமும் நான்கு சுவரும் சேர்ந்து ஏறக்குறைய 27 டன். பூச்சு, ஓடு எல்லாம் சேர்த்து 31 டன் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் அடிப்பரப்பு 35 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் அந்த அடிமட்டத்துக்கு மேலே 1 மீட்டர் ஏறினால், அது 35 டன் விசையோடு தொட்டியை மேலே தள்ளும். குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும்வரை கவலையில்லை, உள்ளே 40 டன்னுக்கு மேல் பாரம் இருக்கிறது. சுத்தம் செய்ய வேண்டுமென்று ஐப்பசியில் காலி செய்தால் போச்சு. கப்பல் மாதிரி கிளம்பும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1989-ல் டெல்டாப் பக்கம் ஒரு ஊரில் அரசு குடியிருப்புக்குத் தரைமட்டத் தொட்டி கட்டினோம். மோட்டார் வரத் தாமதம். தொட்டியைக் காலியாக வைத்திருக்கச் சொன்னது நான்தான், உள்பூச்சைப் பார்வையிட வசதியாக இருக்கும் என்று. மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் தொட்டி ஒரு பக்கம் முக்கால் அடி தூக்கிக்கொண்டு சாய்ந்து நிற்கிறது. குழாயெல்லாம் முறிந்துவிட்டது. கான்ட்ராக்டர் தலையில் பழியைப் போட்டு எழுதினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த மனுஷன் கைக்காசு போட்டு உடைத்துக் கட்டிக் கொடுத்தார். இன்றைக்கும் அது என் நெஞ்சில் கிடக்கிறது.

இதற்கு மருந்து பெரிய செலவில்லை. தளத்தைக் கனமாகப் போடலாம். தளத்தின் அடியில் ஜல்லி பரப்பி, ஆழமான இடத்தில் ஒரு நீரழுத்த வால்வு வைக்கலாம். வெளியே அழுத்தம் கூடினால் வால்வு தானாகத் திறந்து நிலத்தடி நீரை உள்ளே விடும். குளம் அழுக்காகும், ஆனால் எழும்பாது. கொட்டேஷனில் இந்த வால்வு இல்லையே என்று போனில் கேட்டேன். “சார், இத்தனை குளம் கட்டியிருக்கோம், எதுலயும் போட்டதில்ல. இதுதான் ஸ்டாண்டர்ட்” என்றார்.

ஸ்டாண்டர்ட். எந்தக் கேள்விக்கும் இவர்களிடம் இந்த ஒரு பதில்தான். எந்த ஸ்டாண்டர்ட், நம்பர் என்ன என்று கேட்டால் மௌனம். வழக்கமாகச் செய்வதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

அடுத்தது என்னை இரண்டு நாள் தூங்கவிடாத விஷயம். படத்தில் தண்ணீர் விளிம்பு வரை நிறைந்து வழிகிற மாதிரி ஓவர்ஃப்ளோ டிசைன். பார்க்க அழகுதான். வழிகிற தண்ணீரைப் பிடித்து வைத்துத் திரும்ப பம்புக்கு அனுப்ப ஒரு பேலன்ஸிங் டேங்க் வேண்டும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் முந்நூறு லிட்டருக்கு மேல் வெளியே வழியும், அது எங்கே போகும்? இந்த டிசைனில் டேங்க் இல்லை. வழிகிற தண்ணீர் தோட்டத்துக்குப் போகிறது. அப்படியானால் பம்ப் எங்கிருந்து உறிஞ்சும்? குளத்தின் அடியில் இருக்கிற ஒரே ஒரு வடிகாலிலிருந்து. எட்டு அங்குல மூடி, அதிலிருந்து ஒற்றை 63 மி.மீ. குழாய், அதன் முனையில் 2 எச்.பி. பம்ப்.

குளத்தின் கொள்ளளவு ஏறக்குறைய 41,600 லிட்டர். ஆறு மணி நேரத்தில் ஒரு சுற்று வடிகட்ட, மணிக்கு 7,000 லிட்டர் இழுக்கிற சின்ன பம்ப் போதும். இவர் போட்டிருப்பது அதைப்போல மூன்று மடங்கு இழுக்கும். அதனால் உறிஞ்சு குழாயில் தண்ணீரின் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். 1.8-க்கு மேல் போகக் கூடாது என்பது தொழில் தெரிந்தவர்கள் வைத்திருக்கும் வரம்பு. கரண்ட் பில் கூடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு குழந்தை முங்கிப் போய் அந்த மூடியின் மேல் உட்கார்ந்தாலோ, முதுகை வைத்தாலோ என்ன ஆகும்? பம்புக்கு வேறு வழி கிடையாது. பாதி வளிமண்டல அளவு வெற்றிடம் உண்டானாலே அந்த எட்டு அங்குலத்தில் 150 கிலோவுக்கு மேல் பிடிமானம். பெற்ற தாய் இழுத்தாலும் வராது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு: 2002-ல் அமெரிக்காவில், முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி இப்படித்தான் இறந்தாள். வெந்நீர்த் தொட்டியின் வடிகால் அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டது. தாயார் இழுத்துப் பார்த்தும் முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இழுத்ததில் மூடியே உடைந்துதான் உடல் வெளியே வந்தது. அதற்குப் பிறகு 2007-ல் அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் போட்டார்கள். அங்கே விற்கிற வடிகால் மூடிகள் ஆளைப் பிடிக்காத அமைப்பில்தான் இருக்க வேண்டும். பண்ண வேண்டியது இவ்வளவுதான்: ஒன்றுக்குப் பதில் இரண்டு வடிகால், குறைந்தது மூன்றடி இடைவெளியில், ஒரே குழாயில் இணைத்து. ஒன்றை அடைத்தால் மற்றது வழிவிடும். இரண்டிலும் குமிழ் வடிவ மூடி. இதற்கு ஆகும் கூடுதல் செலவு, நிறம் மாறும் விளக்குகளில் ஒன்றின் விலை இருந்தால் அதிகம்.

என் பேத்திக்கும் ஏழு வயது. இதை மாப்பிள்ளையிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

வேலியைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. நாலடி உயரத்தில் குளத்தைச் சுற்றி நாலு பக்கமும் தடுப்பு, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, குழந்தைக்கு எட்டாத கொக்கி. “படத்துக்கு அழகு போயிடும் சார்” என்றார் கான்ட்ராக்டர்.

பணம் கொடுக்கும் முறை வழக்கம்போல: முன்பணம் பாதி, ஓடு பதித்ததும் 40 சதவீதம், ஒப்படைக்கும்போது மீதி. கசிவுப் பரிசோதனை என்ற பேச்சே இல்லை. ஓடு ஒட்டுவதற்கு முன் தொட்டியை நிரப்பி ஏழு நாள் ஊறவிட்டு, அடுத்த ஏழு நாள் மட்டத்தை அளக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பக்கெட்டிலும் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் இரண்டும் வற்றும். பக்கெட்டைவிடக் குளம் அதிகம் இறங்கினால் கசிவு. அதற்குப் பிறகுதான் அடுத்த தவணை. ஓடு ஒட்டிய பிறகு கசிவைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை.

கான்ட்ராக்டரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. அவர் ஒழுங்காக எல்லாவற்றையும் எழுதி 15 லட்சம் என்று கொடுத்தால் நாம் வாங்குவோமா? பக்கத்து ஆள் 11.80 என்கிறானே என்போம். மொத்தத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு மொத்தத்தை மட்டும் எழுதத்தான் அவர் கற்றுக்கொண்டிருக்கிறார். சர்க்காரில் எல்.1 எல்.1 என்று நாங்கள் செய்ததும் இதே பாவம்தான். ஆனால் அங்கே குறைந்தபட்சம் எல்லோரும் ஒரே பட்டியலுக்கு விலை போட்டார்கள். இங்கே இரண்டு பேர் இரண்டு வேறு குளங்களுக்கு விலை சொல்கிறார்கள், நாம் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்கிறோம்.

இன்னொருவரையும் வரவழைத்தேன். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பின்பக்கம் முழுக்க நடந்தார். பக்கத்து வீட்டுக் கிணற்றில் மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு மேலே வரும் என்று வாட்ச்மேனிடம் கேட்டார். ஒரு குழி தோண்டிப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன் என்றார். எனக்கு அப்போதே பாதி மனசு வந்துவிட்டது. தோராயமாகக் கேட்டதற்கு, 200 மி.மீ. கனமும் வால்வும் பேலன்ஸிங் டேங்கும் இரண்டு வடிகாலும் வேலியும் சேர்த்து 15-ஐத் தொடும் என்றார். வண்ணப் படம் கிடையாது, பென்சிலில் ஒரு வெட்டுத் தோற்றம் மட்டும்.

“மூணு லட்சம் ஜாஸ்தி மாமா” என்கிறார் மாப்பிள்ளை. முதல் ஆள் வேறு நேற்று போன் செய்து, ஒரு லட்சம் குறைத்து 10.80-க்கு முடித்துத் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுங்கள் என்றாராம். நான் கேட்காமலேயே வந்த தள்ளுபடி. கான்கிரீட் கனத்தை எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. கையில் 15 இல்லையென்றால் குளமே வேண்டாம், கொய்யா மரம் வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மகள் முறைத்தாள்.

குழி மட்டும் தோண்டியாகிவிட்டது, ஏழடி. ஒரு ராத்திரி விட்டு இன்று காலை டேப் விட்டு அளந்தேன். ஆறடி நாலங்குலத்தில் தண்ணீர் நிற்கிறது. இது மே மாதம். நோட்டில் தேதி போட்டு எழுதி மாப்பிள்ளைக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறேன். குழியின் மேல் பலகை போட்டுக் கல் வைத்து மூடச் சொன்னேன், பேத்தி வெள்ளிக்கிழமை வருகிறாள்.