ஓராண்டு வாசிப்பு: ஒரு கணக்குப் பார்ப்போம்



ஆண்டு முடியும் மாதம் இது. சீட்டுக் கணக்கு, கடைக் கொப்பிக் கணக்கு, பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறோம். இந்த மாதம் இன்னொரு கணக்கையும் பார்ப்போம். இந்த வருடம் நாம் எதை வாசித்தோம்?

சென்ற ஜனவரியில் கல்முனைக் கரையோரத்துப் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு தீர்மானம் எடுத்தோம். மருதமுனையில் தறியில் வேலை செய்பவர், சாய்ந்தமருதில் தையல் தைப்பவர், பாண்டிருப்பில் இடியப்பம் அவித்து விற்பவர் எல்லோரும் அதில் இருந்தோம். யுத்தத்திலோ சுனாமியிலோ உறவைப் பறிகொடுக்காதவர் எங்களில் ஒருவரும் இல்லை. ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் நான்கு இலக்குகளை எழுதினோம்.

1. தினமும் பத்து நிமிடம் வாசிப்பது.
2. மாதம் ஒரு புத்தகம் முடிப்பது.
3. அவற்றில் பாதியாவது பெண்கள் எழுதியவையாக இருப்பது.
4. வாசிக்காமல் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைப்பதில்லை.

முதல் இலக்குத்தான் இலேசு என்று எண்ணியிருந்தோம். கடினமாக இருந்ததும் அதுதான். நேரமில்லாதது மட்டும் காரணமல்ல. கண் வரியில் இருக்கும், மனம் வேறெங்கோ போய்விடும். அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்போம். இழப்பைச் சந்தித்த பலருக்கும் இப்படி நேர்வதுண்டு. இது மூளைக் குறைவு அல்ல, பழக்கம் விட்டுப் போனதும் மட்டுமல்ல. அச்சத்திலேயே நெடுங்காலம் விழித்திருந்த மனம் ஓரிடத்தில் அமர மறுக்கிறது. எங்களில் ஒரு ராத்தா இதற்கு ஒரு வழி கண்டார். தனியே மௌனமாக வாசிக்காமல், பேத்திக்குக் கேட்கும்படி உரத்து வாசித்தார். சொந்தக் குரல் காதில் விழும்போது மனம் வரியை விட்டு ஓடவில்லை என்றார். ஏப்ரல் மாதத்துக்குள் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது இலக்கில் பன்னிரண்டை எட்டியவர்கள் இருவர். மற்றவர்கள் நான்கு, ஆறு, ஏழு என்று நின்றார்கள். நோன்பு மாதத்திலும் அறுவடைக் காலத்திலும் ஒரு பக்கமும் புரளவில்லை. புத்தக விலையும் ஒரு தடைதான். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் கடதாசி இல்லாமல் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டது நினைவிருக்கும். அதன் பிறகு ஒரு புத்தகம் வாங்குவது ஒரு நாள் சமையலை யோசித்துச் செய்யும் காரியமாகிவிட்டது. ஆகவே நாங்கள் நூலகத்தையும் கைத்தொலைபேசியையும் நம்பினோம். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. பிள்ளைகளிடம் கேட்டால் திறந்து தருவார்கள்.

வாசிப்பு என்பது நமது ஊருக்குப் புதிதல்ல. 1970களில் கல்முனையிலிருந்து வாசகர் சங்கம் என்ற பெயரிலேயே கவிதை நூல்கள் வெளிவந்தன. அதனோடு சேர்ந்து நின்ற எம்.ஏ.நுஃமான் கல்முனைக்குடியில் பிறந்தவர். பலஸ்தீன மக்களின் கவிதைகளைத் தமிழில் தந்தவரும் அவரே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது, அந்தத் துயரத்தைக் கவிதையாக எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

மூன்றாவது இலக்கு தந்தது

எங்களை அதிகம் மாற்றியது மூன்றாவது இலக்குத்தான். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். 1938இல் ‘காதலா? கடமையா?’ என்ற நாவலை வெளியிட்டார். துவரங்குறிச்சியில் பிறந்த சல்மாவின் பள்ளிப்படிப்பு பருவ வயதிலேயே நின்றது. கிடைத்ததையெல்லாம் வீட்டுக்குள்ளிருந்தே வாசித்தார். 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வெளிவந்தது. நமது சாய்ந்தமருதைச் சேர்ந்த அனாரின் ‘எனக்குக் கவிதை முகம்’ 2007இல் வந்தது. நாம் நடக்கும் அதே ஒழுங்கைகளில் நடந்த ஒரு பெண்ணின் சொற்கள் கடல் கடந்தும் வாசிக்கப்படுகின்றன என்பது எங்களுக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

வங்காளத்து ராஸசுந்தரி தேவியின் கதையைக் கேட்டு எல்லோரும் வாயடைத்துப் போனோம். பெண் எழுத்துப் படித்தால் விதவையாவாள் என்று நம்பப்பட்ட காலத்தில் வாழ்ந்தவர் அவர். ஒரு புத்தகத்தின் ஏட்டை இரகசியமாகக் கழற்றி எடுத்தார். மகன் எழுதிப் பழகிய ஓலை ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டார். சமையல் வேலைக்கு நடுவே, இரண்டையும் ஒப்பிட்டு எழுத்தெழுத்தாகத் தானே கற்றார். 1876இல் வெளிவந்த அவரது தன்வரலாறு, வங்காள மொழியின் முதல் தன்வரலாறு என்று சொல்லப்படுகிறது.

இதைக் கேட்டதும் தறியில் வேலை செய்யும் சகோதரி சொன்னார்: “நான் ஒரு புத்தகமும் வாசிக்கல்ல. அப்படியிருந்தும் விதவையாகித்தானே இருக்கன்.” சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவரே அடுத்த புத்தகத்தைக் கேட்டு வாங்கினார்.

மற்றவரின் துயரம்

கொப்பியில் எழுதாத ஓர் இலக்கு வழியிலே வந்து சேர்ந்தது. யுத்தத்தைப் பற்றி வாசிக்கும்போது ஒவ்வொருவரும் தன் சமூகத்துக்கு நடந்ததையே தேடுகிறோம். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதை எங்கள் வீடுகளில் எல்லோரும் அறிவார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் நடந்ததையும் அறிவார்கள். அதற்கு அடுத்த நாள், 12ஆம் திகதி, சம்மாந்துறைக்குப் பக்கத்தில் வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதை எத்தனை பேர் அறிவோம்? பத்தே நாட்களுக்குள் நடந்தவை இவை. பாண்டிருப்புச் சகோதரி ஒன்றையும் மருதமுனைச் சகோதரி மற்றதையும் உரத்து வாசித்தார்கள். தனக்கு நடந்ததை அல்ல, மற்றவருக்கு நடந்ததை வாசிப்பது என்று பேசி வைத்திருந்தோம். யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் பிரிந்தோம். அடுத்த மாதமும் ஏழு பேரும் வந்தார்கள். இந்த வருடத்தின் பெரிய வெற்றி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

நான்காவது இலக்கு

கடன் படிவம், நட்டஈட்டுப் படிவம், காணிக் கடதாசி, காணாமற்போன உறவுகள் பற்றிய விண்ணப்பம் என்று நமது கைக்கு வரும் கடதாசிகள் கொஞ்சமல்ல. “இந்த இடத்தில வையுங்க” என்று விரலால் காட்டுவார்கள், நாமும் வைத்துவிடுவோம். இந்த வருடம் எங்களில் ஒருவர் ஒரு கடன் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்றார். கொடுக்க வந்தவருக்குப் பிடிக்கவில்லை. வாசித்தபோது வாராந்தத் தவணையோடு வேறு கட்டணங்களும் சேர்ந்திருந்தன. அவர் கையெழுத்து வைக்கவில்லை. ஒரு வருட வாசிப்பின் கூலி அந்த ஒரு நாளிலேயே கிடைத்துவிட்டது.

இரண்டு விடயங்களை மனதில் வையுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கடிதம் வந்தால் தமிழில் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. அடுத்தது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கள் விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்று அரச அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்வது அவரது கடமை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

வரும் ஆண்டுக்கு

உங்கள் ஊரிலும் நான்கைந்து பேர் சேர்ந்து இதைத் தொடங்கலாம். சில யோசனைகள்:

- எண்ணிக்கையைச் சிறிதாக வையுங்கள். வருடத்துக்கு நான்கு புத்தகம் போதும்.
- வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பாய் இழைத்துக்கொண்டோ துணி தைத்துக்கொண்டோ கேட்கலாம். கேட்பதும் வாசிப்புத்தான்.
- மனதைக் கலங்கடிக்கும் புத்தகத்தை இரவில் தனியே வாசிக்காதீர்கள். தாங்க முடியாவிட்டால் மூடி வையுங்கள். எல்லாப் புத்தகத்தையும் முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.
- ஒரு கொப்பியில் திகதியும் புத்தகத்தின் பெயரும் ஒரு வரிக் கருத்தும் எழுதுங்கள். வருட முடிவில் அது உங்கள் சொந்தச் சொத்து.
- எழுத்து மறந்துபோனவர்கள் பேரப்பிள்ளையின் முதலாம் தரப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ராஸசுந்தரி தேவியும் மகனின் ஓலையில் இருந்துதான் தொடங்கினார்.

இந்த வருடம் நீங்கள் வாசித்த ஒரு புத்தகத்தைப் பற்றி அரைப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழை பற்றி யோசிக்க வேண்டாம். வரும் இதழ்களில் அவற்றை இந்தப் பக்கத்தில் பகிர்ந்துகொள்வோம்.