"பொங்கல் போகட்டும்" என்கிறாரே!

பொங்கல் வந்தால் மதுரைச் சீமைக்குப் புதுத்தெம்பு பிறந்துவிடுகிறது. அவனியாபுரத்தில் வாடிவாசல் திறக்கிறது. மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர்! ஆண்டு முழுதும் ஆலையிலே ஒடிந்த இடுப்பைத் தொழிலாளி அன்றுதான் நிமிர்த்துகிறார். நிமிர்த்தட்டும். அந்த மகிழ்ச்சியிலே மண் போட நாம் எழுதவில்லை.

ஆனால், அதே திருநாளிலே ஒருவருக்கு நெஞ்சில் பாரம் அழுத்தும், இடக்கை கனக்கும், வியர்த்துக் கொட்டும். "வாயுதான், ஒரு சோடா வாங்கி வா" என்பார். "உறவெல்லாம் கூடியிருக்கும்போது ஆஸ்பத்திரியா? பொங்கல் போகட்டும்" என்பார். போவது பொங்கலா, தோழர்களே? அவரல்லவா போய்விடுகிறார்!

சுவீடன் நாட்டிலே 1998 முதல் 2013 வரை பதிவான 2,83,014 மாரடைப்புகளை ஆராய்ந்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். கிறிஸ்துமசுக்கு முந்திய நாளன்று மாரடைப்பு 37 விழுக்காடு கூடுதல். உச்சம் இரவு 10 மணி அளவில். 75 வயதைக் கடந்தோருக்கும், நீரிழிவும் இதயநோயும் உள்ளோருக்கும் ஆபத்து மிகுதி. ஈஸ்டர் விடுமுறையிலோ அந்த உயர்வு இல்லை! நாட்காட்டியிலே சிவப்பு மையில் அச்சடித்ததனால் நெஞ்சு அடைத்துவிடவில்லை என்பது விளங்குகிறதல்லவா? மனக்கொதிப்பு, மிதமிஞ்சிய உணவு, மது, நெடும்பயணம் ஆகியவற்றின் மீதே ஆய்வாளர் ஐயம் கொள்கின்றனர். அமெரிக்காவிலே 2004-இல் வந்த ஆய்வு, மருத்துவம் நாடாமல் தள்ளிப்போடுவதும் காரணமாகலாம் என்றது.

பனிநாட்டுக் கணக்கு பாண்டிநாட்டுக்குப் பொருந்துமா என்பீர். குளிர் பொருந்தாது, கறிச்சோறு பொருந்தும், கடன் கவலை பொருந்தும், பங்காளிச் சண்டை பொருந்தும். மதுக்கடை வாசலிலே திருநாள் வரிசையைப் பார்த்தவர்கள்தாமே நாம்!

இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயைக் கட்டி அடைத்தால், அதற்கப்பால் உள்ள தசை நிமிடத்துக்கு நிமிடம் மடிகிறது. கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் சில மணி நேரத்துக்குள் ஏறினால்தான் பெரும்பயன். 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் தவணையாகத் தந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். 108 வண்டிக்குக் காசும் இல்லை. பிறகும் ஏன் சோடா?

பொங்கலை அடுத்து வருவது சித்திரைத் திருவிழா. அழகர் இறங்கும் வைகைக்கு அரசு இராசாசி மருத்துவமனை நடைதூரம்தான். அன்றைக்கு மட்டும் அந்த நடைதூரம் நாட்டிலேயே நீண்ட தூரம்! 2022-இல் அந்தக் கூட்ட நெரிசலிலே இருவர் மாண்டதை மறந்தோமா?

நீர்மோர்ப் பந்தல் போடும் தோழர்கள், மோர் ஊற்றப் பத்துப்பேர் என்றால், வண்டிக்கு வழிவிலக்க நான்குபேரை நிறுத்துங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவரை நடக்க விடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். "ஒன்றுமில்லை தம்பி, வாயுதான்" என்பார். கேட்காதீர்கள்.