துப்பாக்கிக்கு விலக்கு, அச்சுக்கு ஐயம்

திருவனந்தபுரத்தின் பழைய தறவாடு ஒன்றைப் பிரிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் துப்பாக்கியைச் சுற்றிக் கூட்டம் கூடும். அதனோடு கிடக்கும் ஈயக்குண்டு வார்க்கும் அச்சு, மருந்தளக்கும் பித்தளைக் குவளை, தோட்டாவின் வாயை மடிக்கும் கைக்கருவி ஆகியவை பழைய இரும்புக் கடைத் தராசுக்குப் போகும். இந்த இழப்புக்கு வீட்டாரின் அறியாமையை மட்டும் குறைகூறுவது நேர்மையன்று. சட்டமும் வரலாற்றுத் துறைகளும் இதில் கூட்டாளிகள்.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தோட்டா முதலியவற்றுக்குத் தரும் வரையறையிலேயே அவற்றைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்துவிடுகிறது. உள்ளங்கையில் அடங்கும் அச்சு ‘இயந்திரம்’ ஆகுமா என்பது பார்க்கும் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது. அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதங்களுக்கு விலக்களிக்கிறது. அச்சோ ஆயுதம் அன்று; எனவே அந்த விலக்கு அதற்குத் தெளிவாகப் பொருந்துவதில்லை. மறுபுறம், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருளைத் தொல்பொருள் என்கிறது. ஒரே அச்சு ஒரு சட்டத்தில் பாரம்பரியச் செல்வம், இன்னொன்றில் ஐயத்துக்குரிய பொருள். அஞ்சும் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து கல்விப்புலம். 1741-இன் குளச்சல் போரையும், டிலனாய் உதயகிரிக் கோட்டையில் நிறுவிய பீரங்கி வார்ப்புச்சாலையையும் மேற்கோள் காட்டாத திருவிதாங்கூர் வரலாறு அரிது. ஆனால் பிற்கால வேட்டைத் துப்பாக்கிகளுக்குக் குண்டு வார்த்தவர் யார், மருந்தளந்தவர் யார் என்ற கேள்வி எழுவதே இல்லை. துப்பாக்கியில் உரிமையாளரின் பெயர் இருக்கலாம். அச்சின் தேய்மானத்தில் வேலைக்காரரின் கை இருக்கிறது. உழைப்பின் வரலாற்றைப் பேசும் துறைகள் அந்தக் கையைத் தராசில் விட்டுவிடுவது வேடிக்கை.

காலக்கணிப்பிலும் இதே அலட்சியம். விற்பனைக்கு வரும் கருவிகளுக்கு ‘மகாராஜா காலம்’ என்று சீட்டு ஒட்டுகிறார்கள். மார்த்தாண்ட வர்மர் பட்டமேறிய 1729 முதல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்த 1949 வரை 220 ஆண்டுகள். இவ்வளவையும் விழுங்கும் சீட்டு காலக்கணிப்பு அன்று. வேறு சிலர், கருவியில் பொறித்த காப்புரிமை ஆண்டையே தயாரிப்பு ஆண்டாகப் படிக்கிறார்கள். அந்த ஆண்டு ‘இதற்கு முன் அன்று’ என்று மட்டுமே சொல்லும். பெயரும் போதாது: ஜான் பார்லோ 1884-இல் தொடங்கிய ‘ஐடியல்’ நிறுவனம் 1910-இல் மார்லினிடமும் 1925-இல் லைமனிடமும் சென்றது; பெயர் மட்டும் தொடர்ந்தது.

நம்பத்தக்க சான்று, கருவி எந்த வகைத் தோட்டாவுக்கு உரியது என்பதில் உள்ளது. பக்கவாட்டில் ஊசி நீட்டிய தோட்டா, பாரிசின் லெஃபோஷேயால் 1835-இல் காப்புரிமை பெற்றது. நடுவில் வெடிக்கும் தோட்டா 1860-களில் பிரிட்டனில் பரவியது. ஒன்றுக்கான கருவி மற்றொன்றுக்குப் பொருந்தாது. ‘12’ என்ற எண்ணோ, ஒரு பவுண்டு ஈயத்தில் 12 குண்டுகள் என்ற பழைய கணக்கு. அது துளையின் அளவைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. வகை, முத்திரை, தேய்மானம் மூன்றையும் சேர்த்துப் படிப்பவரே காலம் சொல்லத் தகுதி உடையவர்.

பாதுகாப்பு என்னாகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆபத்து வெடிமருந்தில் உள்ளது. அதற்கு 1884 முதலே தனிச் சட்டம் உண்டு. துருவேறிய அச்சை உருக்கிவிடுவதால் எந்தக் குற்றமும் தடுக்கப்படுவதில்லை, ஒரு சான்று மட்டும் அழிகிறது.

ஆகவே கோரிக்கைகள் இரண்டே. 45-ஆம் பிரிவின் விலக்கில் ‘ஆயுதம்’ என்பதோடு, வழக்கொழிந்த தோட்டாக்களைத் தயாரிக்கும் தொன்மைக் கருவிகளும் சேர்க்கப்பட வேண்டும். அதுவரை, வழக்குக்கு அஞ்சாமல் குடும்பங்கள் இவற்றைக் காட்டி, படமெடுத்து, அளந்து பதிவு செய்ய அருங்காட்சியகத் துறையும் வரலாற்றுத் துறைகளும் வழிசெய்ய வேண்டும். துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அதன் அச்சை உருக்கும் சமூகம், தன் வரலாற்றில் பாதியைத்தான் வைத்திருக்கிறது.