கத்தி உறையும் சமையல் அடுப்பும்

உறையில்லாக் கத்தியை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பிள்ளைகளை எச்சரிப்பதைவிட, பெற்றோரே வீட்டில் நெகிழி உறை செய்துகொள்வதை நான் வரவேற்கிறேன். ஆயினும், மிஞ்சிய பி.வி.சி. குழாயைப் பிளந்து அடுப்புத் தீயில் வாட்டும் முறையை ஏற்க இயலாது. அது கருகினால் வெளிப்படும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்கும்.

உறைக்கென வாங்கும் கைடெக்ஸ் தகட்டிலும் பி.வி.சி. உண்டு. ஆகவே, 2 மில்லிமீட்டர் தகட்டை வீட்டுக்கு வெளியே, வெப்பக்காற்றுக் கருவியால், தொய்யும் அளவுக்கே சூடாக்குக. ஏறக்குறைய 170 பாகை செல்சியசில் தொய்ந்துவிடும். காகித மாதிரி வெட்டுவது பிள்ளைகளின் பங்காகட்டும். சூடாக்கும்போது அவர்கள் அருகில் வேண்டாம்.

அலகில் ஒட்டுநாடா சுற்றி, கையுறை அணிந்து, சூடான தகட்டை அதன்மேல் மடித்து, தடித்த நுரைப்பஞ்சுகளுக்கிடையே ஆறும்வரை அழுத்துக. கவிழ்த்தாலும் கத்தி நழுவக்கூடாது. தளர்ந்திருப்பின் மீண்டும் சூடாக்கித் திருத்தலாம். பிறகே விளிம்பை ரிவெட்டால் இணைக்கவும்.