கொட்டப்பட்டு முகாம் மக்களின் குடியுரிமை: திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் குடிமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1948 டிசம்பர் 10 அன்று ஏற்ற மனித உரிமைகள் உலகப் பிரகடனத்தின் 28ஆம் பிரிவு, பிரகடனம் கூறும் உரிமைகள் யாவும் முழுமையாக நிறைவேறக்கூடிய சமூக ஒழுங்குக்கும் சர்வதேச ஒழுங்குக்கும் மனிதர் ஒவ்வொருவரும் உரியவர் என்கிறது. சர்வதேச ஒழுங்கு என்பது நாடுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளும் நெறிகளும் அமைப்புகளும் சேர்ந்த ஏற்பாடாகும். அது ஜனநாயகமும் நியாயமும் உடையதாக அமைய வேண்டும் என்பதற்காக ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் 2011இல் தனி நிபுணர் ஒருவரை நியமிக்க முடிவுசெய்தது. ஜெனீவாவில் பேசப்படும் அந்த ஒழுங்கு உண்மையில் எத்தகையது என்பதைத் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கு அருகே கொட்டப்பட்டு இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் வாழும் மக்களின் நிலையே காட்டிவிடுகிறது என்பது இவ்வேண்டுகோளை விடுக்கும் குடிமக்கள் குழுவின் உறுதியான கருத்து.

உலகப் பிரகடனத்தின் 15ஆம் பிரிவு குடியுரிமை பெறும் உரிமையை அனைவருக்கும் வழங்குகிறது. அப்பிரகடனம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக, அதாவது எந்த நாடும் தன் குடிமக்களாக ஏற்காதவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று, எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எவருடைய வாழ்வைப் பற்றி அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டதோ அவர்களுடைய கருத்து அப்போது கேட்கப்படவே இல்லை. நியாயமும் ஜனநாயகமும் இல்லாத சர்வதேச ஒழுங்குக்குத் தமிழர் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் ஈழத்தமிழரோடு, மலையகத் தமிழர் எனப்படும் இந்தத் தோட்டத் தமிழரும் இருந்தனர். ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர்களை இலங்கைக்கு அனுப்பிவைத்த அதே மண்டபம் முகாம், இப்போது அவர்களுடைய வழித்தோன்றல்களை அகதிகளாகப் பதிவு செய்துகொண்டது. 2021 கணக்கின்படி தமிழ்நாட்டு முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்தனர். அவ்வாண்டில் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, வீடுகளுக்கும் கல்விக்கும் நிதி ஒதுக்கியது பாராட்டுக்குரியது. ஆனால் குடியுரிமை வழங்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடமே இருக்கிறது. அகதிகள் குறித்த 1951ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. ஆகவே முறையான பயண ஆவணமின்றி உயிருக்கு அஞ்சி வந்தவரும் சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறியே. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளின் சிறுபான்மையினருக்கு வழிவிட்டபோது இலங்கையைச் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா விதிகளிலிருந்து 2025இல் அளிக்கப்பட்ட விலக்கு வரவேற்கத்தக்கதே எனினும், அது தங்கியிருக்க மட்டுமே இடம் தருகிறது.

1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். இதன்படி சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழங்கிய உத்தரவால் கடவுச்சீட்டு பெற்ற கொட்டப்பட்டு முகாம் பெண் ஒருவர், 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னோ அதே முகாமில் அகதிப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கு, இங்கேயே பள்ளி சென்று கல்லூரி முடித்தாலும், வாக்குரிமையோ அரசு வேலையோ கடவுச்சீட்டோ இல்லை. பிறந்த தேதி ஒன்றே இத்தனையையும் தீர்மானிப்பது எந்த நியாயத்துக்கும் ஒவ்வாது.

இடம்பெயர்வின் துயரம் திருவரங்கத்துக்குப் புதிதல்ல. 1323இல் நடந்த டெல்லி சுல்தானகப் படையெடுப்பின்போது, திருவரங்கம் கோயிலின் உற்சவரான நம்பெருமாளின் திருமேனியை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர்களில் முதியவரான வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாச்சாரியார் வழியிலேயே உயிர்நீத்தார். அயலூர்களின் அரவணைப்பில் காக்கப்பட்ட அத்திருமேனி 1371இல்தான் கோயிலுக்கு மீண்டது. அந்த 48 ஆண்டுகளை இன்றும் கண்கலங்கப் பேசும் ஊர், நாற்பதாண்டுகளுக்கு மேலாக வீடு திரும்பாத மனிதர்களின் துயரத்தை எளிதில் உணரும் என்று இக்குழு நம்புகிறது.

முகாம் மக்களில் குடியுரிமை கோருவோருக்கு, சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரையை நீக்கி, விண்ணப்பிக்க வழிசெய்ய வேண்டும். இலங்கை திரும்ப விரும்புவோருக்குப் பாதுகாப்பும் காணியும் உறுதியாக வேண்டும். எதுவாயினும் முடிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும், 1964இல் நேர்ந்த தவறு மீண்டும் நேரக் கூடாது. திருச்சிராப்பள்ளி மத்திய சிறை வளாகத்தில் இயங்கும் சிறப்பு முகாமில் அயல்நாட்டவரைக் கால வரையறையின்றி அடைத்துவைக்கும் முறையும் முடிவுக்கு வர வேண்டும். அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிரும் தன்னுரிமையும் குடிமக்களுக்கு மட்டுமன்றி இந்நாட்டில் உள்ள எவருக்கும் உரியவை.

வாக்குரிமை உள்ளவர் பேசினால்தான் வாக்குரிமை இல்லாதவரின் குரல் அவையேறும். எனவே மாநகரின் வார்டுக் கூட்டங்களிலும் சுற்றுவட்டாரக் கிராம சபைகளிலும் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றவும், நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் வலியுறுத்தவும் குடிமக்கள் முன்வர வேண்டும். வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களுக்குச் சென்று, 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்களின் பிறப்புப் பதிவுகளையும், தாத்தா பாட்டியின் இந்தியப் பூர்விகத்தைக் காட்டும் பழைய தாள்களையும் அவை நைந்துபோவதற்குள் திரட்டித் தர வேண்டும் என்று இக்குழு கேட்டுக்கொள்கிறது.