வேரைப் பழித்தல் தகுமோ?



சென்ற பெரிய வெள்ளியன்று புனே கேம்பில் ஆராதனை முடித்து, லோக்கல் இரயிலில் ஆகுர்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். உடன் வந்த சிறுவன் ஒருவன், "இயேசுவைக் கொன்றவர்களின் கோயில்தானே அந்தச் சிவப்புக் கோயில்?" என்று வினவினான். பெரியவர் ஒருவர் சற்றும் தயங்காமல் "ஆம்" என்றார். நாமும் அவ்வேளையில் வாளாவிருந்தோம். அக்குறையை இத்திங்கள் தீர்க்க விழைகின்றோம்.

மக்கள் 'லால் தேவூள்' என்றழைக்கும் அந்த யூத ஜெபாலயத்தின் பெயர் ஓஹேல் தாவீத். தாவீதின் கூடாரம் என்பது பொருள். பாக்தாதிலிருந்து வந்து பம்பாயில் வணிகம் புரிந்த டேவிட் சசூன் 1863-இல் அதனைக் கட்டத் தொடங்கினார். 1864-இல் அவர் மறைந்தார்; 1867-இல் பணி நிறைவுற்றது. ஏழை எளியோர் நாடும் சசூன் மருத்துவமனையும் அவர்தம் கொடையால் எழுந்ததே.

அவருக்கு நெடுங்காலம் முன்னரே கொங்கணக் கரையில் பெனே இஸ்ராயேலர் என்னும் யூதர் வாழ்ந்தனர். எண்ணெய் ஆட்டிப் பிழைத்த அவர்கள், சனிக்கிழமைதோறும் செக்கை நிறுத்தியமையால் 'சனிவார் தேலி' எனப் பெயர் பெற்றனர். மராத்தியே தாய்மொழியாகியும் ஓய்வுநாளை அவர்கள் மறக்கவில்லை. 1948-க்குப் பின் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். சிலரே இங்கு எஞ்சியுள்ளனர். அயலூரில் தமிழைக் காக்க முயலும் நமக்கு இவர்தம் உறுதி நன்கு விளங்கும்.

யூதரை ஆண்டவர் தள்ளிவிட்டார், அவர்தம் இடத்தில் திருச்சபையை வைத்தார் என்று பல நூற்றாண்டுகள் போதிக்கப்பட்டது. ஐரோப்பாவில் அப்போதனை பகைமைக்கு உரமாயிற்று. நாஜிகள் ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றொழித்த பின்னரே சபைகள் பல தம் நெஞ்சைச் சோதித்தன.

ஆயினும் விடை வேதாகமத்திலேயே இருந்தது. பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தைக் காண்க. ஆண்டவர் தம் மக்களைத் தள்ளிவிடவில்லை என்று அவர் உறுதியாய்க் கூறுகின்றார். பிற இனத்தாராகிய விசுவாசிகளை, நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்ட காட்டொலிவக் கிளைக்கு ஒப்பிடுகின்றார். கிளையைத் தாங்குவது வேர். எனவே கிளை பெருமை பாராட்டலாகாது என்று எச்சரிக்கின்றார்.

1959-இல் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர், பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரை இழித்துரைத்த சொல்லை நீக்கினார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் பாடுகளுக்கான பழியை அக்கால யூதர் அனைவர்மீதோ இக்கால யூதர்மீதோ சுமத்தலாகாது என்று அறிவித்தது. கிறிஸ்துவே உலக மீட்பர் என்னும் விசுவாசத்தைச் சபை விட்டுவிடவில்லை. யூதரோடு இறைவன் செய்த உடன்படிக்கையும் நிலைத்திருக்கின்றது என்கிறது. இவ்விரண்டும் இணையும் வகையை மனித அறிவுக்கு எட்டாத இறை மறைபொருள் என்று 2015-இல் வெளியான வத்திக்கான் ஏடு ஒப்புக்கொள்கின்றது.

ஓர் அரசின் செயல்களை எடைபோடுவது வேறு. ஓர் இனத்தையே பழிப்பது வேறு. இவ்வேறுபாட்டையும் பிள்ளைகளுக்கு உணர்த்துதல் நலம்.

அச்சிறுவனுக்கு நாம் பின்னர்ச் சொன்ன விடை இதுதான்: "தம்பி, சிலுவைத் தண்டனை விதித்தவன் ரோம ஆளுநன் பிலாத்து. இயேசுவும் அவர் அன்னையும் பன்னிரு சீடரும் யூதரே. அக்கோயில் அவர்தம் உறவினருடையது." நேயர்களே, உங்கள் இல்லத்திலும் இவ்வினா எழக்கூடும். அப்போது நம்மைப்போல் வாளாவிராதீர்.