கராஜுக்குள்ள சைக்கிள் ஸ்டாண்ட்: டிரில்லைக் கொஞ்சம் கீழ வைங்க



டல்லாஸ், சியாட்டில், நியூ ஜெர்சி பக்கம் வேலை பார்க்கிற நம்ம வாசகர்கள் சிலருக்கு இப்ப ஒரு புது ஆசை வந்திருக்கு. மோட்டார்ஹோம் வாங்கணும், அதுலயும் டாய் ஹாலர்தான் வாங்கணும். வாங்கி முடிச்சவங்க கேட்கிற கேள்வி வேற: "பின்னாடி கராஜ்ல நாலு சைக்கிள் நிறுத்தணும், சுவர்ல ஸ்டாண்ட் அடிக்கலாமா?"

இது ஏதோ தச்சு வேலை மாதிரி தெரியும். ஆனா என் கண்ணுக்கு இது சுத்தமான பணக் கேள்வி. அதனாலதான் இங்க எழுதறேன். என் பதிலை முதல்லயே சொல்லிடறேன்: முதல் மூணு பயணம் முடியற வரைக்கும் அந்த வண்டியில ஒரு துளைகூட போடாதீங்க.

டாய் ஹாலர்னா என்ன?

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. முன்பக்கம் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வீடு. பின்பக்கம் ஒரு கராஜ். பின்சுவரே கீழ இறங்கி, வண்டி ஏத்துற சரிவுப் பாதையா மாறும். மோட்டார்ஹோம் வகையில தோர் கம்பெனியின் அவுட்லா இதுக்கு நல்ல உதாரணம். டர்ட் பைக், நாலு சக்கர ஏடிவி மாதிரி "பொம்மைகளை" ஏத்திட்டுப் போகத்தான் இந்த வடிவமே வந்தது.

தரையில கம்பெனியே டி-ரிங் வளையங்கள் பதிச்சுக் கொடுத்திருக்கும். மோட்டார் சைக்கிளை ரெண்டு பக்கமும் ஸ்ட்ராப் போட்டுக் கீழ இழுத்தா, அதோட சஸ்பென்ஷன் அமுங்கி வண்டி இறுக்கமா நிக்கும். சைக்கிள்ல இது சரிப்படாது. எடை கம்மி, அமுங்கவும் ஒண்ணும் இருக்காது. இழுத்துக் கட்டினா ஹேண்டில்பார் திரும்பும், கார்பன் ஃபிரேமா இருந்தா விரிசல் விடலாம். ஒண்ணு மேல ஒண்ணு சாய்ச்சு வச்சா முதல் வளைவுலயே கீறல். இப்ப ஒரு நல்ல இ-பைக் ஆயிரக்கணக்கான டாலர். அதனால ஒரு ஸ்டாண்ட் வேணும், அதுல சந்தேகமே இல்ல.

ரெண்டு வகைச் செலவு

எந்தச் செலவையும் ரெண்டா பிரிச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா திருப்பி எடுக்கக்கூடிய செலவு ஒண்ணு. செஞ்சா செஞ்சதுதான்னு ஆகிற செலவு இன்னொண்ணு. சம்பளக்காரருக்கு நான் சொல்ற விதி இதுதான்: முதல் வகையை முதல்ல பண்ணுங்க, ரெண்டாவது வகையைத் தள்ளிப் போடுங்க. தள்ளிப் போடற நேரத்துல உங்களுக்கே உங்க தேவை தெரிஞ்சுடும்.

சுவர்ல போடற துளை ரெண்டாவது வகை. இந்த வண்டிகளோட சுவர் வீட்டுச் சுவர் மாதிரி கிடையாது. பல மாடல்கள்ல உள்பக்கம் மெல்லிய பிளைவுட், நடுவுல ஃபோம், அங்கங்க அலுமினியக் குழாய், வெளியில ஃபைபர் தகடு. அவ்வளவுதான். குழாய் இல்லாத இடத்துல ஸ்க்ரூ போட்டா அது பிடிக்கிறது வெறும் பிளைவுட் தோலை. 25 கிலோ இ-பைக் அதுல தொங்கி, நெடுஞ்சாலையில ஆயிரம் மைல் குலுங்கினா, ஸ்க்ரூ கையோட வந்துடும். நீளமான ஸ்க்ரூ வெளித்தகட்டைத் தாண்டிட்டா மழைத்தண்ணி உள்ள இறங்கும். அடுக்குகள் பிரிஞ்சு சுவர் உப்பும். நீங்களே போட்ட துளையால வந்த சேதத்தை வாரண்டி பெரும்பாலும் ஏத்துக்காது.

தரையும் அப்படித்தான். கீழ தண்ணி டேங்க், வயரிங், குழாய் எல்லாம் ஓடும். சில வண்டிகள்ல பெட்ரோல் டேங்க்கூட அங்கதான். என்ன எங்க இருக்குன்னு கீழ படுத்துப் பார்க்காம டிரில் வைக்கிறது சூதாட்டம்.

துளை இல்லாம எப்படி?

செலவு கம்மியான வழி ஒண்ணு இருக்கு. சைக்கிளோட முன்சக்கரத்தைக் கழட்டிட்டு, ஃபோர்க்கைப் பிடிச்சுக்கிற சின்ன பிளாக் கடையில கிடைக்கும். அதை ஒரு தடிமனான மரப்பலகை மேல போல்ட் பண்ணுங்க. பலகையோட ரெண்டு முனையிலும் ஐ-போல்ட் போட்டு, அங்கேர்ந்து ஏற்கனவே இருக்கிற டி-ரிங்குக்கு முன்பக்கம் ஒரு ஸ்ட்ராப், பின்பக்கம் ஒரு ஸ்ட்ராப். பலகைக்கு அடியில ரப்பர் ஷீட். பின்சக்கரத்துக்குத் தனியா ஒரு ஸ்ட்ராப். இறுக்கி முறுக்கிற ராட்செட் வகை வேண்டாம், சாதாரண கேம் பக்கிள் போதும். முடிஞ்சது.

வாங்கறதுக்கு முன்னாடி ஃபோர்க்கோட ஆக்சில் அளவைப் பாருங்க. பழைய சைக்கிள்கள்ல மெல்லிய குவிக்-ரிலீஸ் இருக்கும், புதுசுல 12 அல்லது 15 மில்லிமீட்டர் தடிமனான த்ரூ-ஆக்சில் இருக்கும். ரெண்டுக்கும் பிளாக் வேற. முன்சக்கரத்துலயே மோட்டார் உள்ள இ-பைக்குக்கு இது ஒத்து வராது. சக்கரத்தோட நிறுத்துற ஸ்டாண்ட்தான் வேணும்.

இடத்துக்கும் கணக்கு இருக்கு. கராஜ் உள் அகலம் சுமார் 240 சென்டிமீட்டர்னு வைங்க. மவுண்டன் பைக் ஹேண்டில்பார் கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர். நாலையும் ஒரே பக்கம் பார்த்து, ஹேண்டில்பார் இடிக்காம நிறுத்தினா 320 வேணும். ஒண்ணு விட்டு ஒண்ணு திருப்பி நிறுத்துங்க. முன்பக்கம் ஒரு பலகை, பின்பக்கம் ஒரு பலகை, சைக்கிளுக்குச் சைக்கிள் 50 சென்டிமீட்டர் இடைவெளி. மொத்தம் 230-ல அடங்கிடும்.

செலவு? நாலு பிளாக், ரெண்டு பலகை, போல்ட், ஸ்ட்ராப் எல்லாம் சேர்த்து சுமார் 200 முதல் 250 டாலர். கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். பிடிக்கலைன்னா கழட்டி எடுத்தா கராஜ் பழைய மாதிரி ஆயிடும். ராத்திரி கூரையிலிருந்து இறங்கிற படுக்கைக்கும் இடைஞ்சல் இல்ல. கூரையில கொக்கி அடிச்சவங்களுக்கு முதல்ல மோதறது அந்தப் படுக்கைதான்.

பிடி போதுமான்னு எப்படித் தெரியும்?

அமெரிக்காவுல வணிக லாரிகளுக்கு ஒரு விதி இருக்கு. கட்டின சரக்கு, பிரேக் போடும்போது முன்பக்கம் தன் எடையில 80 சதவீத விசையைத் தாங்கணும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் 50 சதவீதம். உங்க சொந்த மோட்டார்ஹோமுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஆனா கணக்குப் போட நல்ல அளவுகோல். நாலு இ-பைக் 100 கிலோன்னா, முன்பக்கம் 80 கிலோ தள்ளும். முன்பக்கம்தான் உங்க குடும்பம் உட்கார்ந்திருக்கு. மோதல்னு வந்தா விசை இதைவிடப் பல மடங்கு. பலகையைக் கையால இழுத்துப் பார்த்து "ஆடலையே"ன்னு திருப்திப்படறவங்க இந்த எண்ணை மனசுல வைங்க. டி-ரிங் வண்டியோட இரும்புச் சட்டத்துல பதிஞ்சிருந்தா, மோட்டார் சைக்கிளையே தாங்கறதுக்குச் செஞ்சது. நீங்க சுவர்ல போட்ட ஸ்க்ரூவுக்கு அந்த உத்தரவாதம் யாரும் தரல.

எடைக்கும் ஒரு பட்ஜெட் உண்டு

மாசச் சம்பளத்துக்கு பட்ஜெட் போடற மாதிரி எடைக்கும் போடணும். ஒவ்வொரு மோட்டார்ஹோமுக்குள்ளயும் ஒரு மஞ்சளோ வெள்ளையோ ஸ்டிக்கர் இருக்கும்: ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாதுன்னு. முழுத் தண்ணி டேங்க்கும் சாமான் கணக்குதான்னு அதுலயே எச்சரிக்கையும் இருக்கும்.

உதாரணத்துக்கு ஸ்டிக்கர்ல 1,500 பவுண்டுன்னு வைங்க. நாலு பேர் குடும்பம் 500. ஐம்பது கேலன் தண்ணி, கேலனுக்கு 8.3 பவுண்டு வீதம் 415. மீதி 585. நாலு இ-பைக், தலா 55 பவுண்டு, 220. மீதி 365. துணி, பாத்திரம், நாற்காலி, சாப்பாடு, டூல்ஸ் 300. கையில நிக்கிறது 65 பவுண்டு. கனமான இரும்பு ஸ்டாண்ட் ஒண்ணு வாங்கி மாட்டினா அதுவும் போச்சு. மரப்பலகை ஒண்ணு ஆறேழு கிலோதான். அதோட, கராஜ் பின் ஆக்சிலுக்குப் பின்னாடி இருக்கிறதால, அங்க ஏத்துற எடை முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கும். பின் ஆக்சில்ல தன் எடையைவிடக் கூடுதலாவே விழும். அதனால பலகையை முடிஞ்ச அளவு முன்னாடி தள்ளி வைங்க.

மறுபக்கமும் இருக்கு

"வண்டிக்கு வெளிய, பின்பக்கம் ஹிட்ச் ரேக் மாட்டிடலாமே? சேறும் உள்ள வராது." நியாயமான வாதம். ஆனா டாய் ஹாலர்ல பின்கதவுதான் சரிவுப் பாதை. சைக்கிளோட ரேக் நின்னா கதவு இறங்காது. மோட்டார்ஹோமோட வால் நீளம், குலுக்கலும் அதிகம். அதனால பல ரேக் கம்பெனிகள் ஆர்வி-ல மாட்டக்கூடாதுன்னு கையேட்டுலயே போட்டிருக்காங்க. ஆர்வி-க்குன்னு அனுமதி உள்ள மாடலைத்தான் தேடணும், விலையும் கூட.

"பலகை அழகா இல்ல, ஒவ்வொரு தடவையும் கட்டணும்." இதுவும் உண்மை. வருஷத்துல 40, 50 ராத்திரி வெளிய போறவங்களுக்கு, வண்டிச் சட்டத்துல போல்ட் பண்ணின எல்-டிராக் தண்டவாளம் சரியான முதலீடுதான். நான் சொல்றது வரிசையைப் பத்தி. மூணு பயணத்துக்கு அப்புறம், எந்த சைக்கிள் எங்க நிக்குதுன்னு தெரிஞ்ச பிறகு, தெரிஞ்ச மெக்கானிக்கை வச்சுப் போடுங்க.

இன்னும் வண்டியே வாங்காதவங்களுக்கு

இதே விதியை வண்டிக்கும் போடுங்க. நாலு சைக்கிள் மொத்தம் 100 கிலோகூட வராத குடும்பத்துக்கு டர்ட் பைக் ஏத்துற கராஜ் எதுக்கு?

1,50,000 டாலர் லோன், 8 சதவீத வட்டி, 15 வருஷம்னு ஒரு கணக்கு எடுத்துக்கங்க. மாசத் தவணை சுமார் 1,433 டாலர். வருஷத்துக்கு ஏறக்குறைய 17,200. வருஷத்துல 20 ராத்திரி தங்கினா, லோன் மட்டுமே ராத்திரிக்கு 860 டாலர். இன்சூரன்ஸ், நிறுத்துமிட வாடகை, டயர் எல்லாம் அப்புறம்.

"வட்டிக்கு வரிச்சலுகை உண்டு"ன்னு விற்பனையாளர் சொல்வார். பொய் கிடையாது. படுக்கை, சமையல், கழிவறை வசதி இருந்தா, அந்த வண்டியையே அடமானமா வச்ச லோனுக்கு, அதை இரண்டாவது வீடாக் காட்டி வட்டியைக் கழிக்க ஐஆர்எஸ் விதி அனுமதிக்குது. ஆனா கழிவுகளைத் தனித்தனியாக் காட்டறவங்களுக்குத்தான் அது. 2025-க்குத் தம்பதிக்கான நிலையான கழிவே 31,500 டாலர். மேல சொன்ன லோன்ல முதல் வருஷ வட்டி சுமார் 11,800. மற்ற கழிவுகளோட சேர்ந்து 31,500-ஐத் தாண்டலைன்னா உங்களுக்குக் கிடைக்கிறது பூஜ்யம். 80சி-க்காக பாலிசி எடுத்துட்டு அப்புறம் புதிய வரி முறைக்கு மாறினவங்களுக்கு இந்த வலி நல்லாப் புரியும்.

எச்1பி விசாவுல இருக்கவங்க இன்னும் ஒருபடி யோசிங்க. வேலை போனா அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதுக்குள்ள புது ஸ்பான்சர் கிடைக்கலைன்னா கிளம்பறதுக்கான ஏற்பாட்டைப் பார்க்கணும். அந்த நேரத்துல, லோன் பாக்கியைவிட விலை குறைஞ்சுபோன ஒரு மோட்டார்ஹோமை அவசரமா விக்கிற நிலைமை வந்தா, நஷ்டத்தைச் சேமிப்புலேர்ந்துதான் கட்டணும்.

அதனால வாடகைக்கு எடுங்க. டாய் ஹாலரும் வாடகைக்குக் கிடைக்குது. வாடகை வண்டியில துளை போட யாரும் விடமாட்டாங்க. ஆனா ஸ்ட்ராப் போட்டுக் கட்டற பலகைக்கு பெரும்பாலும் சிக்கல் வராது. முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, டி-ரிங் இடைவெளியையும் கேட்டு வாங்கிக்கங்க. மூணு பயணம் போயிட்டு வாங்க. வண்டியைத் திருப்பிக் கொடுத்துடலாம், பலகையும் சைக்கிளும் உங்ககிட்டயே இருக்கும்.

நாலாவது பயணத்துக்கும் வீட்ல எல்லாரும் அதே உற்சாகத்தோட கிளம்பினா, அப்ப லோன் பேப்பரை எடுத்துட்டு உட்காருங்க. டிரில் அதுக்கும் அப்புறம்தான்.